தலையும் வாலும் இல்லாத சிரிப்பு: ஸ்டீபன் சௌவும் மோ லேய் தௌவும்

ஒரு டார்ச் லைட். சூரிய சக்தியில் எரிவது. பேட்டரி வேண்டாம், செலவில்லை. ஒரே ஒரு சின்னச் சிக்கல்: அதன் மேல் வெளிச்சம் படும்போது மட்டும்தான் எரியும். வெளிச்சம் போனால் அதுவும் போய்விடும். இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி டா வின்சி (ஆமாம், பாத்திரத்தின் பெயரே அதுதான்) ஏதோ உலகத்தையே மாற்றிவிட்டவர் போன்ற முகத்தோடு ஓர் ஒற்றனுக்கு அதைக் காட்டுகிறார். அவரிடம் இன்னும் சரக்கு உண்டு. பார்த்தால் ஷேவர் மாதிரி இருக்கும், ஆனால் அது ஹேர் டிரையர். பார்த்தால் ஹேர் டிரையர் மாதிரி இருக்கும், ஆனால் அது ஷேவர்.

1994இல் வந்த 'ஃப்ரம் பெய்ஜிங் வித் லவ்' என்ற ஹாங்காங் படத்தில் வரும் காட்சி இது. ஜேம்ஸ் பாண்டைக் கிண்டல் செய்த படம். பன்றிக்கறி வெட்டிப் பிழைக்கும் ஒற்றனாக நடித்தவர் ஸ்டீபன் சௌ. லீ லிக்-சீ என்பவரோடு சேர்ந்து படத்தை இயக்கியவரும் அவரே.

இந்த வகைச் சிரிப்புக்கு ஹாங்காங்கில் ஒரு பெயர் இருக்கிறது: மோ லேய் தௌ. கான்டனீஸ் பேச்சுவழக்கில் பிறந்த சொல். எது தலை, எது வால் என்று பிடிபடாதது என்று பொருள் சொல்லலாம். நாமும் அர்த்தமில்லாத பேச்சைத் 'தலையும் இல்லை, வாலும் இல்லை' என்றுதானே சொல்கிறோம்? ஏறக்குறைய அதேதான். சொல் சௌவுக்கு முன்பே தெருவில் புழங்கியது. அது ஒரு சினிமா பாணியின் பெயராக ஆனது அவரால்தான். அதனால் மோ லேய் தௌ என்றால் என்ன என்று கேட்பவருக்கு அகராதியை விட அவருடைய முப்பது வருடத் தொழில் வாழ்க்கை நல்ல பதில் சொல்லும்.

அபத்தம் என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அபத்த நகைச்சுவை எல்லா ஊரிலும் உண்டு. இதில் தனியாகத் தெரிவது ஒன்று: சொல்கிறவருக்குத் தான் சொல்வது சிரிப்புக்குரியது என்றே தெரியாது. கண் சிமிட்ட மாட்டார், குரலை மாற்ற மாட்டார். வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுகிற அதே தொனியில் உலகத்தில் இல்லாத ஒன்றைப் பேசுவார். எதிரில் இருப்பவரும் அதே கவனத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். அந்த டார்ச் லைட்டைப் பார்த்துப் படத்துக்குள் யாராவது 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று சிரித்திருந்தால் நமக்குச் சிரிப்பு பாதியாகியிருக்கும்.

இன்னோர் உதாரணம், 'ஆல் ஃபார் த வின்னர்' படத்தில். அதற்கு முந்தைய வருடம், 1989இல், சௌ யுன்-ஃபட் சூதாட்ட மன்னனாக நடித்த 'காட் ஆஃப் கேம்ப்ளர்ஸ்' பெரிய வெற்றி. அதில் கதாநாயகன் ஸ்லோ மோஷனில் நடந்து வருவார். கோட் பறக்கும், தலைமுடி பளபளக்கும். நம் ஸ்டீபன் சௌவும் தன் படத்தில் அப்படியே நடந்து வருகிறார். ஆனால் கேமரா வழக்கமான வேகத்தில்தான் ஓடுகிறது. அவர்தான் கை, கால், முகம் எல்லாவற்றையும் மெதுவாக அசைத்து வருகிறார், சுற்றி இருப்பவர்களோ சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சினிமாவின் ஒரு தந்திரத்தை உடம்பால் செய்து பார்க்கிற இந்தக் குறும்பு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

சரி, இது ஏன் ஹாங்காங்கில் முளைத்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஹாங்காங் மக்களில் பெரும்பாலோர் பேசுவது கான்டனீஸ். ஆனால் 1970களின் தொடக்கத்தில் அங்கே எடுக்கப்பட்ட படங்கள் ஏறக்குறைய எல்லாமே மாண்டரின், அதாவது சீனாவின் பொது மொழி. ஷா பிரதர்ஸ் போன்ற பெரிய ஸ்டூடியோக்களின் மொழி அது. வீட்டில் பேசுவது ஒன்று, தியேட்டரில் கேட்பது இன்னொன்று. 1973இல் 'த ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' என்ற கான்டனீஸ் படம் வந்தது. ஓர் ஒண்டுக் குடித்தன வீடு, அதில் அடைந்து வாழும் குடும்பங்கள், கறாரான வீட்டுக்காரம்மா. அவ்வளவுதான் கதை. அந்த வருடம் புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' படத்தையே ஹாங்காங் வசூலில் அது தாண்டியது. அடுத்த வருடம், தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த மைக்கேல் ஹுய் தானே எழுதி, இயக்கி, நடித்த 'கேம்ஸ் கேம்ப்ளர்ஸ் ப்ளே' வசூலில் முதலிடம் பிடித்தது. கான்டனீஸ் நகைச்சுவை நடிகர் இயக்குநராவது என்ற பாதையை சௌவுக்கு இருபது வருடம் முன்பே போட்டுவைத்தவர் அவர். மைக்கேல் ஹுய்யின் சிரிப்பு முதலாளி, கஞ்சத்தனம், சம்பளம் என்று தர்க்கத்தோடு போகும். சௌ அந்தத் தர்க்கத்தைத்தான் கழற்றி வைத்தார்.

சௌ பிறந்தது 1962இல், ஹாங்காங்கில். கான்டனீஸ் உச்சரிப்பில் அவர் பெயர் சௌ சிங்-சி. ஏழு வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். இரண்டு சகோதரிகளோடு அம்மாவின் கையில் வளர்ந்தார். ஒன்பது வயதில் புரூஸ் லீ நடித்த 'த பிக் பாஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்று குங்ஃபூ வீரனாக ஆவது, இல்லையென்றால் நடிகனாக ஆவது என்று முடிவெடுத்ததாகச் சொல்வார். இந்தக் குழந்தைக் கனவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1980களின் தொடக்கத்தில் டிவிபி தொலைக்காட்சியின் நடிப்புப் பயிற்சி வகுப்புக்கு நண்பர் டோனி லியுங்கும் அவரும் போனார்கள். டோனிக்கு இடம் கிடைத்தது. சௌவுக்குக் கிடைக்கவில்லை, பிறகு மாலை வகுப்பில் சேர்ந்தார். அதற்கப்புறமும் கதவு சட்டென்று திறக்கவில்லை. மாலை நாலரை மணிக்கு ஒளிபரப்பான குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றைச் சில வருடங்கள் தொகுத்து வழங்கினார். இடையில் தொடர்களில் பெயரில்லாத வேடங்கள். 1983இல் வந்த 'த லெஜண்ட் ஆஃப் த காண்டர் ஹீரோஸ்' தொடரில் ஒரே அடியில் சாகும் வேடம். ஒரு அடியைத் தடுத்துவிட்டு அடுத்த அடியில் செத்தால் நன்றாக இருக்குமே என்று கேட்டாராம், சும்மா செத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். ஹாங்காங்கில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை.

1988இல் சினிமாவுக்கு வந்தார். 'ஃபைனல் ஜஸ்டிஸ்' படத்தில் கார் திருடனாக நடித்ததற்குத் தைவானின் கோல்டன் ஹார்ஸ் விருது, சிறந்த துணை நடிகராக. அது நகைச்சுவைப் படம்கூட இல்லை. நகைச்சுவை வந்தது அடுத்த வருடம், 'த ஃபைனல் காம்பட்' என்ற தொலைக்காட்சித் தொடரில். அங்கேதான் இங் மான்-டாட்டோடு ஜோடி சேர்ந்தார். வாள் சண்டைக் கதைக்கு நடுவே, கோபத்தில் கொதிக்கும் ஆளிடம் 'உட்கார், ஒரு வாய் டீ குடி, ஒரு பன் சாப்பிடு' என்கிற ரீதியில் சௌ பேசிய பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. புராண காலத்து வீரன் டீக்கடை வாடிக்கையாளர் மாதிரி பேசுகிறான். மோ லேய் தௌவின் முதல் சூத்திரம் இதுதான்: ஓர் உலகத்தின் மொழியை எடுத்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னோர் உலகத்துக்குள் வைப்பது.

இங் மான்-டாட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் நகர முடியாது. ரசிகர்களுக்கு அவர் 'டாட் சித்தப்பா'. சௌ காற்றில் பறக்கும் பட்டம் என்றால் கீழே நூலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர். சௌ உளறும்போது நம்பவும், திகைக்கவும், நொந்துபோகவும் ஒரு முகம் வேண்டுமல்லவா? அந்த முகம் இவருடையது. 2021இல் காலமானார்.

'ஆல் ஃபார் த வின்னர்' 1990இல் 4 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டி அதுவரையிலான உள்ளூர் வசூல் சாதனையை முறியடித்தது. அடுத்த வருடம் 'ஃபைட் பேக் டு ஸ்கூல்' அதையும் முறியடித்தது: பள்ளி மாணவனாக வேஷம் போட்டு வகுப்பில் உட்காரும் போலீஸ்காரரின் கதை. 1992இல் ஹாங்காங் வசூல் பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் சௌ நடித்த படங்களுக்கே. ஒரே ஆள், ஒரே வருடம், ஐந்தும். அந்த வருடத்தையே அங்கே சௌவின் வருடம் என்பார்கள்.

இந்தப் படங்களை இயக்கியவர்கள் வேறு வேறு ஆட்கள்: வோங் ஜிங், ஜானி டோ, கோர்டன் சான். ஆனாலும் எல்லாமே சௌ படங்களாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் அவருடைய வாய். இங்கேதான் வெளியூர்க்காரர்களுக்குச் சிரமம் வருகிறது. கான்டனீஸில் ஒரே அசை குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு பொருள் தரும். பொதுவாக ஆறு தொனிகள் என்று கணக்கு. நான்கு என்ற எண்ணுக்கும் சாவு என்ற சொல்லுக்கும் தொனி மட்டும்தான் வித்தியாசம். அதனால் அங்கே பல கட்டிடங்களில் நாலாம் மாடியே இருக்காது, மூன்றுக்கு அடுத்து ஐந்து. நமக்கு ல, ள, ழ மாறினால் பொருள் மாறுவது போல அங்கே தொனி மாறினால் மாறும். இப்படிப்பட்ட மொழியில் சிலேடைக்குப் பஞ்சம் வருமா? தெருக் கொச்சை, இடையில் ஆங்கிலம், பழைய கவிதையின் வரி, தொலைக்காட்சி விளம்பரத்தின் வாசகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலந்து சௌ பேசுவார். சப்டைட்டிலில் அதில் பாதிகூட வராது. மாண்டரின் பேசும் ஊர்களில் அவருக்குக் குரல் கொடுத்த தைவான் டப்பிங் கலைஞர் ஷி பான்-யூ தனி நட்சத்திரமாகவே ஆகிவிட்டார். அங்கே பலருக்கு சௌவின் சிரிப்பு என்றால் அது ஷியின் சிரிப்புதான்.

வாய்ச் சிரிப்பிலேயே எல்லைகளைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. 1993இல் வந்த 'ஃப்ளர்ட்டிங் ஸ்காலர்' படத்தில், பெரிய வீட்டில் வேலைக்குச் சேர இரண்டு பேருக்குள் போட்டி: யார் அதிகப் பரிதாபமானவர்? சௌவின் கைவசம் இருந்த சோகம், அவர் வளர்த்த கரப்பான்பூச்சி. அது மிதிபட்டுச் சாகிறது. 'சியு-கியுங்! உனக்கு என்ன ஆயிற்று?' என்று பெற்ற பிள்ளையை இழந்தவர் மாதிரி கதறுகிறார். அதிலிருந்து சீனம் பேசும் ஊர்களில் கரப்பான்பூச்சிக்குச் செல்லப்பெயரே அதுதான். மாண்டரினில் சியாவ்-சியாங்.

ஏன் இயக்குநராக வேண்டும் என்று தோன்றியது? நான் புரிந்துகொள்கிற விதம் இது. பிறர் இயக்கிய படங்களில் அவர் சிரிப்பை உண்டாக்கினார், ஆனால் அந்தச் சிரிப்பு எதன் மேல் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர் வேறு ஒருவர். அவர் இயக்கத்தில் கை வைத்த பிறகு வந்த படங்களைப் பாருங்கள், ஒரு பொதுத்தன்மை தெரியும். நடுவில் தோற்றுப்போன ஒரு மனிதன் இருப்பான். யாரும் மதிக்காதவன்.

1996இல் வந்த 'த காட் ஆஃப் குக்கரி' இதன் நல்ல தொடக்கம். சமைக்கவே தெரியாமல் சமையல் கடவுளாக நடித்துப் பணம் பண்ணும் ஒரு போலி ஆள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்து தெருவுக்கு வருகிறான். நடைபாதையில் கடை போடுகிறவர்கள் சோறு போடுகிறார்கள். கடைசிச் சமையல் போட்டியில் எதிராளி வைப்பது ராஜ விருந்து. இவன் வைப்பது சோறு, சுட்ட பன்றிக்கறி, ஒரு முட்டை. சாப்பிடும் நடுவருக்குக் கண்ணீர் கொட்டுகிறது. அன்பு, நினைவு, என்ன என்னவோ என்று நாமும் நெகிழும்போது அவனே விளக்குகிறான்: வெங்காயம் போட்டிருக்கிறேன். நெகிழ வைத்துவிட்டு அடுத்த நொடியில் அதைக் கவிழ்ப்பது, கவிழ்த்த பிறகும் அந்த நெகிழ்ச்சி போகாமல் நிற்பது. மோ லேய் தௌ இங்கே கொஞ்சம் வயதுக்கு வந்துவிட்டது.

'கிங் ஆஃப் காமெடி' 1999இல். கூட்டத்தில் நிற்கிற ஒரு துணை நடிகன். படுக்கைக்குப் பக்கத்தில் நடிப்பைப் பற்றிய ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் புத்தகம். தேவாலயச் சண்டைக் காட்சியில் சுடப்பட்டு விழ வேண்டிய பாதிரியார் வேடம். சுட்டால் விழ வேண்டியதுதானே? விழ மாட்டேன் என்கிறான். அந்தப் பாதிரியார் சாவதற்கு முன் என்ன உணர்வார் என்று உடம்பை முறுக்கி முறுக்கி நடிக்கிறான். மொத்த யூனிட்டும் திட்டுகிறது. சாப்பாட்டுப் பொட்டலம்கூடக் கிடைப்பதில்லை, அது நாய்க்குப் போகிறது. 1983இல் ஒரு அடியைத் தடுத்துவிட்டுச் சாகட்டுமா என்று கேட்ட பையனை இங்கே அடையாளம் தெரியாமல் போகாது. சிரிப்பு வரும், வந்த சிரிப்பு தொண்டையில் நிற்கும். அவர் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நடுவே ஒரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். 1995இல் ஜெஃப்ரி லௌ இயக்கத்தில் சௌ குரங்கு வீரனாக நடித்த 'எ சைனீஸ் ஒடிசி' இரண்டு பாகங்களாக வந்து, சீன நிலப்பகுதியில் தோற்றுப்போனது. அதில் ஒரு துறவி வருவார், உபதேசம் செய்தே ஆட்களைக் கொல்வார். காவலாளி தாங்க முடியாமல் தூக்கு மாட்டிக்கொள்வான். அந்தத் துறவியாக நடித்த லாவ் கா-யிங் கான்டனீஸ் ஆபரா மேடையின் மூத்த கலைஞர். டார்ச் லைட் விஞ்ஞானியும் அவர்தான். சில வருடம் கழித்து இந்தப் படம் சீனப் பல்கலைக்கழக விடுதிகளில் திருட்டு விசிடி வழியாகப் பரவி, மாணவர்கள் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் அளவுக்குப் போனது. கான்டனீஸ் சிரிப்பு மாண்டரின் இளைஞர்களிடம் சேர்ந்தது இப்படித்தான், தியேட்டர் வழியாக இல்லை.

2001. 'ஷாவ்லின் சாக்கர்'. இங்கே பெரிய திருப்பம். ஷாவ்லின் குங்ஃபூ தெரிந்த, பிழைக்கத் தெரியாத ஆறு சகோதர சீடர்கள் கால்பந்து ஆடக் கிளம்புகிறார்கள். இதற்கு மொழி தெரிய வேண்டியதே இல்லை. உதைத்த பந்து தீப்பிடித்துப் பறக்கிறது, புலியாக மாறுகிறது. அதுவரை நாக்கில் இருந்த மோ லேய் தௌவை சௌ கண்ணுக்கு இடம் மாற்றிவிட்டார். கம்ப்யூட்டர் கிராபிக்ஸை நிஜம் போலக் காட்டுவதற்குப் பதிலாக, நிஜம் இல்லை என்று பளிச்சென்று தெரியும்படி பயன்படுத்தினார். கார்ட்டூன் மாதிரி. முகம் மட்டும் பழையபடி சீரியஸ்.

கனவு இல்லாத மனிதனுக்கும் கருவாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அதில் ஒரு வசனம் வரும். கான்டனீஸ் கொச்சையில் கருவாடு என்றால் பிணம் என்றும் பொருள், எனவே ஹாங்காங்காரர்களுக்கு அது இரட்டை அடி. நமக்கு ஒற்றை அடியாக இருந்தாலும் வலிக்கிறது. படம் ஹாங்காங்கில் 6 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியது. 2002 ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றும். பத்து வருடமாக வசூல் ராஜாவாக இருந்தவருக்கு அந்த மேடையில் நடிப்புக்கு விருது கிடைத்தது அப்போதுதான்.

'குங்ஃபூ ஹசில்' 2004இல். தமிழ் டப்பிங்கில் டிவியிலோ மொபைலிலோ உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். இந்தக் கட்டுரையில் இதுவரை சொன்ன நூல்கள் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. கோடாரிக் கும்பல் மிரட்டும் அந்த ஒண்டுக் குடித்தனம், தலையில் சுருட்டிகளோடு கத்தும் வீட்டுக்காரம்மா, இதெல்லாம் 1973இன் அந்த 72 குடித்தனப் படத்துக்குச் செய்த வணக்கம். வீட்டுக்காரராக வரும் யுவென் வா, புரூஸ் லீக்கு டூப் போட்டவர். வீட்டுக்காரம்மாவாக வரும் யுவென் சியு, வருடக்கணக்காகத் திரையை விட்டு விலகியிருந்த ஸ்டண்ட் கலைஞர். 1974இன் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் சண்டை போட்டவர். மறக்கப்பட்ட இந்த மூத்தவர்களைக் கொண்டுவந்து, அழுக்குச் சட்டைக்குள் மகா வீரர்கள் ஒளிந்திருப்பதாகக் காட்டினார். தெருவில் வாங்கிய குங்ஃபூ புத்தகத்தை நம்பி ஏமாந்த சிறுவன் ஒருவனும் வருகிறான். ஒன்பது வயது, புரூஸ் லீ, ஞாபகம் இருக்கிறதா? கோல்டன் ஹார்ஸில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் விருதுகள். யுவென் சியுவுக்குத் துணை நடிகை விருது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 1.7 கோடி டாலர் வசூல்.

கிடைத்தது நிறைய, போனதும் உண்டு. கண்ணுக்கு மாறிய பிறகு அந்தப் பழைய கான்டனீஸ் வாய்வீச்சு குறைந்துகொண்டே வந்தது. சீன நிலப்பகுதிச் சந்தை பெரிதாகப் பெரிதாக அவர் படங்களின் மொழி மாண்டரினாக ஆனது. 2008இல் வந்த 'சிஜே7'க்குப் பிறகு அவர் கதாநாயகனாக நடிக்கவும் இல்லை, முழுநேர இயக்குநர். 2016இன் 'த மெர்மெய்ட்' 339 கோடி யுவான் வசூலித்து, அப்போது சீனாவின் எல்லாச் சாதனைகளையும் உடைத்தது. பழைய கான்டனீஸ் ரசிகர்கள் பலருக்கு இதில் மனத்தாங்கல். எனக்கும் கொஞ்சம் உண்டு. 2019இல் வந்த 'த நியூ கிங் ஆஃப் காமெடி' அந்த மனத்தாங்கலைத் தீர்க்கவும் இல்லை.

ஆனால் 'த மெர்மெய்ட்' படத்தில் ஒரு காட்சிக்காக அவரை மன்னிக்கலாம். பணக்காரன் ஒருவன் போலீஸ் நிலையத்துக்கு ஓடிவந்து, பாதி மனிதன் பாதி மீனாக இருக்கும் ஒன்று தன்னைக் கடத்தியது என்கிறான். அதிகாரி மரியாதையாகக் கேட்டு, படம் வரைந்து காட்டுகிறார். ஒன்றில் இடது பாதி மனிதன், வலது பாதி மீன். இன்னொன்றில் மேலே மீன் தலை, கீழே மனிதக் கால். ஒவ்வொன்றும் சொன்னதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொள்ள இரண்டு போலீஸ்காரர்களும் படுகிற பாடு தனி. டார்ச் லைட்டின் அண்ணன் தம்பி இந்த ஓவியங்கள்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றால், 'ஷாவ்லின் சாக்கர்', அப்புறம் 'குங்ஃபூ ஹசில்'. அங்கிருந்து பின்னோக்கி 'த காட் ஆஃப் குக்கரி', 'கிங் ஆஃப் காமெடி'. 1990 முதல் 1993 வரையிலான படங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், டப்பிங் வேண்டாம், கான்டனீஸ் ஒலியோடு பாருங்கள். ஏதோ ஒரு வரிக்கு இங்கே ஏன் சிரிக்க வேண்டும் என்று பிடிபடாது. அந்த இடத்தில் சப்டைட்டிலை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் டாட் சித்தப்பாவின் முகத்தைப் பாருங்கள்.